சூளையின் கண்

ஜெசிந்தாவின் ஸ்கூட்டர் சவுக்குத் தோப்பைத் தாண்டித் தார்ச்சாலையில் ஏறிச் சத்தம் ஓயும்வரை தமயந்தி சூளைப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலேயே அது அங்கே இருப்பது முதுகுக்குத் தெரிந்தது, காய்ச்சல்காரர் படுத்திருக்கும் அறைக்குள் போனால் தெரியுமே, அப்படி. தகரக் கூரைக்குக் கீழே, கடலைப் பார்த்த முகமாக, இரண்டு பெண்கள் கல் கல்லாக அடுக்கிக் கட்டிய சூளை. நேற்றுச் சாயங்காலமே தீயை அணைத்தாயிற்று. இனி அது தானாக ஆற வேண்டும், மனிதர் செய்ய ஒன்றுமில்லை, சும்மா உட்கார்ந்திருப்பதைத் தவிர. அந்தச் சும்மா உட்காருவதுதான் தமயந்திக்குப் பிறவியிலேயே வராத வித்தை. ‘சாப்பாடு வாங்கிட்டு வந்துடறேன், கண்ணைத் திறந்துடாதடி, உன் கை சும்மா இருக்காது’ என்று சிரித்துக்கொண்டேதான் ஜெசிந்தா வண்டியை எடுத்தாள். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது. கண் என்பது செங்கல் அடுக்கி மூடிய சூளைக் கதவின் நடுவில் ஒரு செங்கல் அளவுக்கு விட்டிருக்கும் ஓட்டை. தீ எரியும்போது அடைப்புக்கல்லை உருவிவிட்டு, உள்ளே நிற்கிற சிறு கூம்புகள் உருகித் தலை சாய்கின்றனவா என்று பார்ப்பதற்காக அது. தீ அணைந்தபின் அதைத் தொடக் கூடாது. வெந்த மண் ஆறுகிற நேரத்தில் குளிர்காற்று ஒரு மூச்சு பட்டால் போதும், நன்றாக இருந்த பொருள் ணங்கென்று இரண்டாகிவிடும். இது தெரியாமலா இருபது வருஷம் மண்ணைப் பிசைந்தாள். தெரிந்தும் ஆரம்ப காலத்தில் ஆசை பொறுக்காமல் கல்லை உருவப் போவாள், ஜெசிந்தா கையில் ஒன்று போடுவாள், ‘பதறாத காரியம் சிதறாதுடி’ என்பாள். அப்போதெல்லாம் அந்த அடி இனித்தது. அதே கண்டிப்பு இன்று வண்டிப் புகையோடு வந்தபோது வேலைக்காரிக்குச் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

மீட்டரில் சூடு முந்நூறுக்கு மேல் நின்றது. நூறுக்குப் பக்கத்தில் வந்தால்தான் கதவைத் திறக்கலாம். காற்று இன்னும் எழும்பவில்லை, கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது, வலப்பக்கத்தில் தூண்டில் வளைவு கறுப்பாக நீண்டிருந்தது. மண் அரிப்பைத் தடுக்கிறோம் என்று லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டிப் போட்டது அது, அதற்கு அடியில்தான் பாறை இருக்கிறது. இருக்கிறதா, நொறுங்கிப்போனதா, யாருக்குத் தெரியும். வெண்ணாங்குப்பத்தில் அதைக் கொட்டலசுப் பாறை என்பார்கள், தண்ணீர் வற்றுகிற வேளையில் மட்டும் தலை காட்டும், உடம்பு முழுக்கக் கொட்டலசு என்கிற குட்டிச் சிப்பிகள் ஒட்டிச் சொரசொரவென்று, கால் வைத்தால் அறுத்துவிடும். அதைக் கண்டுபிடித்தது தமயந்தி. ஓவியக் கல்லூரியை முடித்துவிட்டு இருவரும் இங்கே கொட்டகை போட்ட புதிதில், பானையும் பூச்சாடியும் செய்துகொண்டிருந்த காலத்தில், ஒரு காலை அவள்தான் ஈரக் களிமண்ணை ரொட்டி மாதிரி தட்டித் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி அந்தப் பாறை மேல் விரித்து அழுத்தினாள். உரித்து எடுத்தபோது மண்ணில் கடலின் தோலே வந்திருந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த கன்னியப்பன், ‘இன்னாம்மா, கல்லுக்குப் பத்துப் போடறியா, அதுக்கு இன்னா ஒடம்பு சரியில்லியா’ என்று கேட்டதும் கரையில் நின்ற ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் அப்படியே கண்ணில் நிற்கிறது. ஜெசிந்தா கரையில் நின்றாள். தண்ணீருக்குள் இறங்கவில்லை. அதை யார் எழுதினார்கள்? போன மாதம் பத்திரிகையில் வந்த கட்டுரையில் ஜெசிந்தாவின் கடல், ஜெசிந்தாவின் கரை, ஜெசிந்தாவின் அலைவரிகள். தமயந்தி என்று ஒரு பெயர் கடைசிப் பத்தியில், ‘தோழியுடன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், சாப்பாட்டு இலையில் ஓரமாக வைத்த உப்பு மாதிரி. உப்பைக்கூட யாராவது தொட்டுப் பார்ப்பார்கள்.

அலை வற்றிய மணலில் விழும் வரிகள், நண்டு உருட்டிப் போட்ட மணல் குண்டுகள், சவுக்குப் பட்டை, காய்ந்த சொறிமீன் விட்டுப்போன வட்டம், எல்லாவற்றையும் இரண்டு பேரும்தான் மண்ணில் வாங்கினார்கள். எதைச் செய்தாலும் அடியில் இரண்டு பெருவிரல் பதிவு, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறினாற்போல, அதுதான் கையெழுத்து. யார் செய்தது என்று பிரித்துக் கேட்டவர்களிடம் புருஷன் பெண்டாட்டியைப் பார்த்துப் பிள்ளை யாருடையது என்று கேட்பீர்களா என்று ஜெசிந்தாதான் திருப்பிக் கேட்பாள். அவளேதான் தை மாதத்தில் ஒருநாள் கை கழுவிக்கொண்டே, தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டே, ‘கொஞ்ச நாள் தனியா செஞ்சு பார்க்கறேனே தமா’ என்றாள். பார்க்கறேனே. அந்த ஏகாரத்தைக் கேட்டதும் தமயந்தி உடனே ‘பாரேன்’ என்றாள். அவ்வளவுதான், இருபது வருஷம் இரண்டு வார்த்தையில் முடிந்தது. ஏன் என்று கேட்டிருக்கலாம். போகாதே என்று சொல்லியிருக்கலாம், அதற்கு வாயில் சக்தி இல்லையா. வீட்டுக்காரர் சொன்னார், ‘அவ போனா போறா, உனக்கென்ன கையா இல்ல’ என்று. கை இருக்கிறது. கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பக்கத்தில் மண்ணைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாவிட்டால் பெரிய தகட்டை எப்படித் தூக்குவது, கொட்டகையில் வானொலி போடுவது யார், மழை வந்தால் ‘ஏய், மண்ணை மூடு’ என்று யாரைப் பார்த்துக் கத்துவது. அவளுக்கு இது ஒன்றும் தோன்றவில்லை பார். ஊரில் பெரிய கூடத்தில் தனிக் கண்காட்சி, ஆள் உயரத்துக்கு அலைவரித் தகடு, அதன் அடியில் ஒற்றை விரல். ஒற்றை விரல்தான் பதித்திருக்கிறாள், ஈரமாக இருக்கும்போதே தமயந்தி குனிந்து பார்த்துவிட்டாள். அந்தத் தகடு இப்போது உள்ளே இருக்கிறது. அது இல்லாவிட்டால் கண்காட்சியும் இல்லை, நடுச்சுவரை அதற்காகத்தான் காலியாக வைத்திருக்கிறார்களாம்.

காற்று எழும்பியது. மத்தியானம் திரும்பினால் கடல்காற்று வரும், சூளையின் முகத்தில் நேராக வந்து அறையும், தகரம் படபடக்கும். இடம் பார்த்து முகம் வைக்கத் தெரியாத இரண்டு சின்னப் பெண்கள் கட்டிய சூளை, பிறகு மாற்ற மனசு வரவில்லை. தமயந்தி எழுந்து தண்ணீர் குடித்தாள். அலமாரியில் அச்சுகள் இருந்த இடம் பாதி காலியாகக் கிடந்தது, பங்கு பிரித்தாயிற்று, மணல்வரி அச்சு உனக்கு, பட்டை அச்சு எனக்கு, பாகப்பிரிவினைக்கு நடுவில் பெரியவர்கள்தான் இல்லை. பாறையின் அச்சு ஒன்றே ஒன்று. பாறை கருங்கல்லுக்கு அடியில் மறைவதற்கு முந்தின வருஷம் பாரிஸ் சாந்து ஊற்றி எடுத்தது, தேய்ந்து தேய்ந்து முனை மழுங்கி, இன்னும் ஒருமுறைதான் தாங்கும் என்கிற நிலையில் இருந்தது. அதில் கடைசியாக ஒரு தகடு அழுத்தி எடுத்தார்கள், எடுக்கும்போதே அச்சு நாலு துண்டாக விட்டுப்போயிற்று. இரண்டு பேரும் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் ஜெசிந்தா அந்தக் கடைசித் தகட்டைக் காட்டிச் சொன்னாள், ‘நீயே எடுத்துக்க.’ நீயே எடுத்துக்க. இந்த வார்த்தை இரண்டு மாதமாகச் செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி உறுத்துகிறது. பாறையைக் கண்டுபிடித்தவள் நீதானே என்று சேர்த்துத்தான் சொன்னாள், சொன்னாள்தான், ஆனால் எப்படிச் சொன்னாள், கைக்குழந்தைக்காரி அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மிச்சமிருந்த பிஸ்கட்டைக் கொடுக்கிற மாதிரி. எனக்கு ஆள் உயரத் தகடு இருக்கிறது, இந்த முழ நீளப் பாறையை நீயே வைத்துக்கொண்டு அழு. தானம் கொடுக்கிறவர்களுக்கு எப்போதும் குரல் மெத்தென்றுதான் இருக்கும். நன்றி என்று சொன்னாள் தமயந்தி. இருபது வருஷத்தில் ஒருத்திக்கொருத்தி சொல்லாத நன்றியைச் சொன்னதும் ஜெசிந்தாவின் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

சூளையில் அடுக்குகிற அன்று தமயந்தி வரவில்லை. தலைவலி என்றாள். தீ மூட்டிய நேற்றும் தலைவலி. இன்று வந்ததுகூட, கதவை இரண்டு பேரும் சேர்ந்து திறப்பது வழக்கம் என்பதற்காக, கடைசி வழக்கத்தையாவது நான் முறித்ததாக இருக்கக் கூடாது என்பதற்காக. அடுக்கும்போது தமயந்தி இல்லை, ஆக ஜெசிந்தா எங்கே எதை வைத்தாளோ. எங்கே என்ன எங்கே, தெரியாதா. சூளைக்குள் கண்ணுக்கு நேர் எதிர்த் தட்டுத்தான் ராஜா இடம். கூம்பு நிற்பது அங்கே, அங்கே விழுகிற சூட்டை மட்டும்தான் கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியும், மற்ற மூலையெல்லாம் கடவுள் விட்ட வழி. ஒவ்வொரு தடவையும் அந்த இடம் யாருடையதுக்கு என்று சண்டை, உன்னுது வைடி, சீ உன்னுது வை என்று, பஸ்ஸில் டிக்கெட் எடுக்கச் சண்டை போடுவார்களே, அந்த மாதிரி. இந்தத் தடவை சண்டை போட ஆள் வரவில்லை. ஆள் உயரத் தகடு நாலு துண்டாகச் செய்தது, நாலில் முகப்புத் துண்டு ராஜா இடத்தில் உட்கார்ந்திருக்கும், என் பாறை புகைபோக்கி ஓரத்தில் பாதி வெந்து கிடக்கும். கிடக்கட்டும். ஒரு துண்டு போனால் நாலும் போன மாதிரிதான், ஒரே சூளையில் வெந்தால்தான் ஒரே நிறம். தமயந்தி இதை நினைத்தபோது கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியாது, அல்லது தெரியாது என்று பிறகு சொல்லிக்கொண்டாள். அடைப்புக்கல்லில் வழக்கம்போல் ஆணியால் கீறின குட்டிச் சிலுவை, அது ஜெசிந்தா போடுவது, அதற்குக் கீழே குங்குமப் பொட்டு, அது தமயந்தி வைப்பது. இந்தத் தடவை பொட்டையும் ஜெசிந்தாவே வைத்திருந்தாள், கோணலாக. என் வேலையையும் நீயே செய்துகொண்டாய் அல்லவா. தோல் கையுறை பக்கத்து ஆணியில் தொங்கிற்று.

முதலில் புகைபோக்கியை மூடியிருந்த பலகைக்கல்லை இரண்டு விரற்கடை நகர்த்தினாள், அது காற்றை உள்ளே இழுக்கும் என்று தெரிந்தே. அப்புறம் கல்லை உருவினாள். சூடு முகத்தில் அடிக்கும் என்று நினைத்தாள், அடிக்கவில்லை, மாறாக அவள் காதோரமாகக் கடல்காற்று அந்த ஓட்டைக்குள் போயிற்று, தாகத்தில் தண்ணீர் குடிக்கிற சத்தத்தோடு. எட்டிப் பார்க்கவில்லை. ஆயுசில் கண்ணைத் திறந்துவிட்டு உள்ளே பார்க்காமல் இருந்தது இந்த ஒருமுறைதான். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள், பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணின் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டு இப்படித்தான் நின்றாள், அந்தப் பெண்ணின் பெயர்கூட மறந்துவிட்டது, மை மட்டும் நினைவிருக்கிறது, பெஞ்சின் மர ரேகை வழியாக அது ஓடிய விதம் எவ்வளவு அழகு, அதை மண்ணில் வாங்க முடிந்தால். கெடுவான் கேடு நினைப்பான். சொல்லிவிட்டுப் போகட்டும், கெடுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது. யாருக்கும் தெரியப்போவதில்லை, மண் வெடிப்பது உலகத்தில் இல்லாததா, அழுவாள், அழட்டும், தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுவேன், நிஜமாகவே அழுவேன், அப்புறம் கண்காட்சி தள்ளிப்போகும், அலைவரியை மறுபடி செய்ய ஒரு கை வேண்டும், தமா கொஞ்சம் வாயேன் என்பாள். வாயேன் என்று அவள் சொல்ல வேண்டும். இவ்வளவுக்கும் கடைசியில் அதுதான் காரணமா, இந்த ஒற்றை வாயேனுக்கா? தமயந்திக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. கல்லைத் திரும்பச் சொருகிவிட வேண்டும் என்று கையைத் தூக்கினாள். அப்போது உள்ளே சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை, வெண்கலக் கும்பாவை நகத்தால் சுண்டினால் வருமே, அந்த ஓசை, ஒரே ஒருமுறை. அவள் கல்லைச் சொருகினாள், பலகையை இழுத்து மூடினாள், கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

ஜெசிந்தா வந்தபோது பையில் சோறும் சுறாப்புட்டும் இருந்தன. ‘கேட்டியே ஒருநாள், எங்கயும் நல்லா கிடைக்கலன்னு. கோவளம் வரைக்கும் போய்ட்டு வந்தேன், அதான் லேட்டு’ என்று இலையை விரித்தாள். கேட்டதாகத் தமயந்திக்கு நினைவில்லை. கேட்டிருப்பாள், ஏதோ ஒரு பேச்சில். ஜெசிந்தா மீட்டரைப் பார்த்துவிட்டு, ‘என்னடி, இன்னிக்கு மளமளன்னு இறங்கியிருக்கு’ என்றாள். ‘காத்து ஜாஸ்தி’ என்றாள் தமயந்தி. இரண்டு வார்த்தை. எப்போதும் இரண்டு வார்த்தை போதும் அவளுக்கு. புட்டு வாயில் மணலாக உருண்டது, விழுங்கினாள், நல்லா இருக்கா என்று கேட்டதற்குத் தலையாட்டினாள். ஜெசிந்தா அதையும் இதையும் பேசிக்கொண்டிருந்தாள், தனியாகச் செய்யும்போது தகட்டைத் தூக்க முடியாமல் தரையில் வைத்தே வேலை செய்ததால் முழங்கால் போய்விட்டது என்றாள், ராத்திரியில் யாரோ வந்து உன் பெயரைச் சொல்லிக் கேட்கிற மாதிரி இருக்கிறது, ஒண்ணும் ஓடமாட்டேங்குது என்றாள், சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ கேள்வி இருந்தது. வாயேன் என்று சொல்வதற்கு அதைவிடக் கிட்டத்தில் ஒருத்தி வர முடியாது. தமயந்தி இலையை மடித்தாள். இது ஏன் காலையில் வரவில்லை, ஒரு மணி முந்தி வரவில்லை, உள்ளே அந்தக் கும்பா ஓசை இன்னும் சுண்டிக்கொண்டே இருந்தது. வெடித்திருக்காது. மேலே பூசிய கண்ணாடிப் பூச்சு ஆறும்போது சின்னச் சின்னதாகச் சத்தம் போடும், எத்தனை தடவை கேட்டிருக்கிறோம், நெல் பொரிகிற மாதிரி. இது பொரிந்த சத்தமில்லை. தெரியும். மண்ணைப் பற்றித் தனக்குப் பொய் சொல்லிக்கொள்ள அவளுக்கு வரவில்லை, மனுஷர்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வந்தது.

வெயில் தாழ்ந்து சவுக்கு நிழல் கொட்டகைக்குள் வந்தபோது, ‘போதும், திறக்கலாம் வா’ என்றாள் ஜெசிந்தா. இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று கதவுக் கற்களை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பது வழக்கம். நாலாவது வரிசை இறங்கியதும் கண்ணுக்கு நேர் எதிர்த் தட்டுத் தெரிந்தது. அதில் அலைவரி இல்லை. கொட்டலசுப் பாறை இருந்தது. பூச்சு எங்கே மெலிய வேண்டுமோ அங்கே மெலிந்து, குழிகளில் கடல்பச்சை தேங்கி, ஒவ்வொரு கொட்டலசின் வாயும் கூர்மையாக, பாறை உயிரோடு இருந்த நாளிலும் இவ்வளவு நன்றாகத் தெரிந்ததில்லை. குறுக்கே ஒரு கோடு. ஜெசிந்தா ஒரு பக்கம் தொட்டதும் மறுபக்கம் தனியே நகர்ந்தது. அலைவரியின் நாலு துண்டும் கீழ்த்தட்டில், பின்சுவர் ஓரமாக, ஒரு கீறல் இல்லாமல் நின்றன. அவற்றை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘அய்யோ, உன்னுதுடி’ என்றாள். உடைந்த விளிம்பில் பெருவிரலை ஓட்டினாள், விரலில் ரத்தம் புள்ளியிட்டது. எரியும்போது வெடித்தால் பூச்சு உருகி விளிம்பை மழுக்கியிருக்கும், கூர்மையாக இருந்தால் ஆறும்போது வெடித்தது, இது இருவருக்கும் தெரியும், சொல்ல வேண்டியதில்லை. ஜெசிந்தா மெதுவாகத் திரும்பி, கழற்றி ஓரமாக வைத்திருந்த கற்களைப் பார்த்தாள். கதவைப் பிரிக்கும்போது அடைப்புக்கல்லை ஜெசிந்தாதான் எடுத்தாள், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே வைத்திருந்தாள். பொட்டு மேலே இருந்தது. சிலுவை கீழே, தலைகீழாக.

தமயந்தி காத்திருந்தாள். வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றாள். அறையட்டும், கேட்கட்டும், இருபது வருஷத்தையும் இங்கேயே போட்டு உடைக்கட்டும், அதற்குப் பிறகாவது ஒரு வார்த்தை உண்மையாகப் பேசிக்கொள்ளலாம். ஜெசிந்தாவின் கண் நிறைந்திருந்தது, ஆனால் உதட்டோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு. தமயந்தியின் கையை எடுத்து, அந்தக் காலத்தில் போடுகிற மாதிரி, புறங்கையில் மெல்ல ஒன்று போட்டாள்.

“பார்க்கணும்னு பொறுக்கலையாடி? உன் பாறைமேல அவ்ளோ ஆசையா இருந்தா, என்கிட்ட சொல்லியிருந்தா நான் போகாம உன்கூடவே உட்கார்ந்திருப்பேனே. கண்ணுக்கு நேரா வெச்சதே நான்தான். கதவு திறந்ததும் முதல்ல உன்னுது தெரியணும்னு வெச்சேன்.”

இல்லை என்று சொல்வதற்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடி வந்ததும் போனதும் தமயந்திக்கு நன்றாகத் தெரிந்தது. கடல்காற்று தகரத்தைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“ஆமாம்” என்றாள்.

ஜெசிந்தா பாறையின் இரண்டு பாதிகளையும் எடுத்து அவளிடம் நீட்டினாள். அவை இன்னும் ஆறவில்லை. தமயந்தி கையுறை போடாமலேயே வாங்கிக்கொண்டாள்.